கோத்தகிரியில் கார் நிறுத்த 20 × 12 கான்கிரீட் தளம்: ஜனவரியில் போடலாமா?

தேயிலைமேடு

வணக்கம். கோத்தகிரியில் அரவேணு ரோட்டுப் பக்கம் வீடு. ரோடு மேலே, வீடு கீழே. ரோட்டை ஒட்டி கார் நிறுத்த 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் கான்கிரீட் தளம் போடணும். ரோட்டுப் பக்கம் 10 அடி பழைய கெட்டி மண். வெளிப்பக்கம் 10 அடி, கருங்கல் தடுப்புச்சுவர் கட்டி செம்மண் நிரப்பினது. சுவரோரம் நிரப்பின ஆழம் இரண்டரை அடி, ரெண்டு மழைக்காலம் தாண்டிட்டது.

கொத்தனார் சொல்றது: 4 இன்ச் கனம், கம்பி வேண்டாம், மொத்தத்தையும் ஒரே நாளில் கொட்டி, மேலே சிமென்ட் தூவி இரும்புக் கரண்டியால் மழமழன்னு இழுத்துடலாம். பக்கத்து வீட்டுத் தளம் இப்படித்தான் போட்டாங்க. ஒரு வருஷத்தில் மேல்பரப்பு மாவா உதிருது, நடுவில் குறுக்கே ஒரு விரிசல்.

என் கேள்வி: கனம், கம்பி எவ்வளவு? பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்டா, ஓபிசி (சாம்பல் கலக்காத சாதா) சிமென்டா? பனிமூட்டத்தில் எப்போ தேய்க்கணும்? ஜனவரி குளிரில் போடறது சரியா, மார்ச் வரை பொறுக்கணுமா?

---

கல்லுக்கட்டு

பக்கத்து வீட்டுத் தளத்தில் தெரியறது ரெண்டு தனித்தனி நோய். விரிசலுக்குக் காரணம் அடியில் இருக்கு, மாவா உதிர்றதுக்குக் காரணம் மேலே இருக்கு. நான் அடியை மட்டும் சொல்றேன்.

உங்க இடத்தில் பாதி கெட்டி மண், பாதி நிரப்பின மண். ரெண்டும் ஒரே அளவு இறங்காது. மொத்தத்தையும் ஒரே துண்டா போட்டால், ரெண்டு மண்ணும் சேரும் கோட்டில் தளம் தானே விரிசல் விட்டுக்கும். அதுக்கு முன்னாடி நாமே அந்த இடத்தில் நேராக ஒரு இணைப்பு வெச்சுடணும். 10 அடியில் பலகை அடைச்சு 10 × 12 துண்டா ரெண்டு போடுங்க. 5 இன்ச் தளத்துக்கு 10 முதல் 12 அடிக்கு ஒரு இணைப்பு எப்படியும் வேணும், அதனால் கணக்கும் ஒத்து வருது.

இணைப்பில் ஒரு பக்கம் மட்டும் இறங்கி படிக்கட்டு மாதிரி ஆகிடக்கூடாது. 16 மிமீ முறுக்கில்லாத வழுவழுப்பான கம்பியை ஒன்றரை அடி நீளத்தில் வெட்டி, அடிக்கு ஒண்ணு வீதம் 12 துண்டு, கனத்தின் நடுவில், அடைப்புப் பலகையில் துளை போட்டு மட்டமாகச் செருகுங்க. ரெண்டாவது துண்டுக்குள் போகும் பாதிக்கு கிரீஸ் தடவிடுங்க. தளம் சுருங்கும்போது கம்பி வழுக்கிக்கொடுக்கும், மேலும் கீழும் மட்டும் விடாது. கோணலாகச் செருகினால் வழுக்காது, அந்த இடத்திலேயே வெடிக்கும்.

நிரப்பின மண் ரெண்டு மழை பார்த்தது நல்லதுதான், ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. மேல் ஒரு அடியைத் தோண்டி, புல்வேரும் கருப்பு மண்ணும் இருந்தால் அள்ளிட்டு, 6 இன்ச் அடுக்கா திரும்பப் போட்டு இடிங்க. கைத்திமிசு போதாது, எர்த் ரம்மர் (மண் இடிக்கற மெஷின்) வாடகைக்கு எடுங்க. செம்மண்ணை ஒரு பிடி பிடிச்சால் உருண்டை நிக்கணும், இடுப்புயரத்திலிருந்து போட்டால் ரெண்டு மூணா உடையணும். போட்டதும் அப்பளமா அமுங்கினால் ஈரம் அதிகம். அந்த ஈரத்தில் ரம்மர் ஓட்டினால் மண் இறுகாது, ரப்பர் மாதிரி ஆடும். அன்னிக்கு வேலையை நிறுத்திடுங்க. மண் வெட்ட ஜேசிபி இறக்கற எண்ணம் இருந்தால் நீலகிரியில் கலெக்டர் அனுமதி வேணும்ங்கறதை மறந்துடாதீங்க. இந்த அளவு வேலைக்கு கடப்பாரை, மம்பட்டியே போதும்.

மண்ணுக்கு மேல் 6 இன்ச் கனத்துக்கு ஒன்றரை இன்ச் ஜல்லி பரப்பி, இடுக்கெல்லாம் கிரஷர் டஸ்ட் (கல் தூள்) தூவி, தண்ணி தெளிச்சு இடிங்க. அதுக்கு மேலே 5 இன்ச் தளம். 4 இன்ச் நடைபாதைக்குச் சரி. காருக்கு, அதுவும் நிரப்பின மண்ணில், வேண்டாம்.

கம்பி 8 மிமீ, ரெண்டு பக்கமும் 8 இன்ச் இடைவெளி. 12 மீட்டர் கம்பி 20 எண்ணம், சுமார் 95 கிலோ. வலை அடியில் கிடந்தால் தண்டச்செலவு. மண்மேல் உட்காரும் தளத்துக்கு கம்பி மேல்பாதியில் இருக்கணும். கம்பியைத் தூக்கிப் பிடிக்க 75 மிமீ கவர் பிளாக் (சின்னக் கட்டை) இரண்டரை அடிக்கு ஒண்ணு வைங்க. “கொட்டும்போது கொக்கியால் தூக்கி விட்டுக்கலாம்” என்று யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, தூக்கின கையோடு அது திரும்ப அடியிலேயே போய்ப் படுத்துக்கும்.

கடைசியா முக்கியமான ஒண்ணு. தளத்தின் வெளி ஓரத்தைத் தடுப்புச்சுவர் தலைமேல் ஏத்தாதீங்க. கல் சுவர் இறங்காது, உள்ளே மண் இறங்கும், தளம் சுவர் விளிம்பில் முறியும். சுவருக்கு உள்பக்கமே நிறுத்தி, நடுவில் அரை இன்ச் தெர்மோகோல் வைங்க. அந்த ஓரத்தில் ஒரு அடி அகலத்துக்கு மட்டும் கனத்தை 9 இன்ச் ஆக்கி 10 மிமீ ரெண்டு கம்பி நீளவாக்கில் போடுங்க. சக்கரம் தாண்டாமல் இருக்க 6 இன்ச் தடுப்புக்கட்டையும் அதிலேயே எழுப்பலாம்.

---

ரசமட்டம்

மேலே சொன்னதோட தண்ணி வாட்டத்தையும் (வடியற சரிவையும்) சேர்த்துக்கோங்க. வெளிப்பக்கம் வாட்டம் விட்டால் மழைத்தண்ணி நேரா தடுப்புச்சுவர் தலையில் இறங்கி நிரப்பின மண்ணை ஊற வைக்கும், அதுக்குக் கீழேதான் உங்க வீடு. 2009 நவம்பர் மழையில் இந்தப் பக்கம் என்னென்ன சரிஞ்சதுன்னு பார்த்தவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாட்டத்தைப் பக்கவாட்டில் விடுங்க. அடிக்கு கால் இன்ச், 12 அடிக்கு 3 இன்ச். அந்த ஓரமா ஒரு 6 இன்ச் காண் (சின்ன வடிகால்) எடுத்து, ரோட்டு டிரைனுக்கோ வேற பத்திரமான இடத்துக்கோ கொண்டுபோய் விடுங்க. ரோட்டுத் தண்ணி உள்ளே வராமல் இருக்க முகப்பில் ஒரு இன்ச் மேடு போதும்.

தடுப்புச்சுவரில் 5 அடிக்கு ஒரு 3 இன்ச் பைப் வடிகால் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா தளம் போட முன்னாடியே துளை போட்டு, உள்பக்கம் ஜல்லி வெச்சு அடைங்க. பிறகு கை வைக்க முடியாது.

---

மட்டப்பலகை

நான் கலவையும் தேய்ப்பும் சொல்றேன்ங்க.

சிமென்ட், மணல், ஜல்லி 1 : 1½ : 3, முக்கால் இன்ச் ஜல்லி. ஒரு துண்டுக்கு 12 மூட்டை, கனத்த ஓரம் உள்ள துண்டுக்கு 13, ஆக 25 மூட்டை. மணல் அரை யூனிட், ஜல்லி ஒரு யூனிட் (யூனிட்னா 100 கன அடி). ரெண்டுமே மலைக்குக் கீழேருந்து ஏறி வர சரக்கு. பாதி வேலையில் பத்தலைன்னா அன்னிக்கு லாரி வராது, அதனால் கொஞ்சம் கூடவே இறக்கிக்கோங்க. சிமென்ட் மூட்டையில் தயாரிச்ச வாரம் அடிச்சிருக்கும், ஒரு மாசத்துக்குள்ள இருந்தால் எடுங்க. நம்ம பனிக்கு மூட்டை சீக்கிரம் கட்டி தட்டும். விரலால் நசுக்கினால் உடையற கட்டி பரவாயில்லை, உடையாததைத் திருப்பி அனுப்பிடுங்க. தரையில் அடுக்காமல் பலகை மேல, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி.

தண்ணிதான் விஷயமே. மூட்டைக்கு 25 லிட்டர், அதுவும் மணல் ஈரத்தையும் சேர்த்து. இங்கே குவிச்சு வெச்ச எம்-சாண்ட் (கல்லை உடைச்சுச் செய்யற மணல்) எப்பவும் நனைஞ்சேதான் இருக்கும். ஒரு மூட்டைக்குப் போகிற மணலில் 4 லிட்டர் தண்ணி ஏற்கெனவே ஒளிஞ்சிருக்கும். அப்போ ஊத்த வேண்டியது 21 தான். பக்கெட்டில் கோடு போட்டுக் கொடுங்க, பைப்பை மிக்சருக்குள்ள விடறதைக் கண்டால் நிறுத்துங்க. ஈர மணல் உப்பிக் காட்டும், அதனால் பெட்டி அளவில் கொஞ்சம் கூடுதலாப் போடணும். எல்லாம் விழுந்த பிறகு மிக்சர் ரெண்டு நிமிஷம் சுத்தணும்.

கொட்டறதுக்கு முன்னாடி அடித்தளத்தை நனைச்சு வைங்க, ஆனா தண்ணி தேங்கக்கூடாது. கொட்டினதை வைப்ரேட்டர் ஊசியைச் சாய்ச்சு வெச்சு ஒரு இடத்தில் 5 முதல் 10 விநாடி, அவ்வளவுதான். ஊசியால் கலவையை இழுத்துத் தள்ளினால் ஜல்லி ஒரு பக்கம், சிமென்ட் பால் ஒரு பக்கம் பிரிஞ்சுடும். அப்புறம் மட்டப்பலகையை அறுக்கற மாதிரி இழுத்து மட்டம் எடுத்து, உடனே மணியாஸ் கட்டையால் (தேய்க்கற மரக்கட்டை) ஒரே ஒரு தடவை மேலாப்பில தள்ளி விடுங்க. அதோட கையை எடுத்துடணும்.

இங்கேதான் எல்லாரும் கெடுக்கறாங்க. கொஞ்ச நேரத்தில் மேலே தண்ணி கசிஞ்சு பளபளக்கும். கோயமுத்தூர் வெயிலில் அது ஒன்றரை ரெண்டு மணி நேரத்தில் காஞ்சுடும், கொத்தனாரும் தேய்க்க ஆரம்பிச்சுடுவார். நம்ம மலைப் பனிமூட்டத்தில் அந்தத் தண்ணி காயவே காயாது. 12, 14 டிகிரியில் பிபிசி கலவை இறுக அஞ்சாறு மணி நேரம்கூட ஆகும். பொறுமை இல்லாமல் அந்தத் தண்ணியையே உள்ளே தேய்ச்சால் மேல் கால் இன்ச்சில் தண்ணி-சிமென்ட் விகிதம் எகிறிடும். அதுதான் பக்கத்து வீட்டில் மாவா உதிர்றது. தண்ணியை இழுக்கத்தான் சிமென்ட் தூவறாங்க. அது அப்போதைக்குக் காஞ்ச மாதிரி காட்டும், பிறகு மேல் தோல் அடித்தளத்தைவிட அதிகம் சுருங்கி வலை வலையா மயிரிழை விரிசல் விடும், உரியும்.

தேங்கின தண்ணியை எப்படி எடுக்கறது? ரெண்டு பேர் ரெண்டு முனையில் பிடிச்சு ஒரு ரப்பர் ஹோஸை தளத்துக்கு மேலாப்பில மெதுவா இழுத்துட்டுப் போனால் தண்ணி ஓரத்துக்குப் போயிடும். பளபளப்பு போனதும் பூட்ஸ் காலை ஒரு ஓரத்தில் வெச்சுப் பாருங்க. கால் இன்ச்சுக்கு மேல் பதியக்கூடாது, பதிஞ்ச இடத்தில் தண்ணி ஊறக்கூடாது. அப்போ மணியாஸ் கட்டை. அதுக்குப் பிறகு இரும்புக் கரண்டியே வேண்டாம். பாசி பிடிக்கற ஊரில் மழமழன்னு போட்டால் மழைக்காலத்தில் கார் சறுக்கும், ஆளும் சறுக்குவார். கார் வர்ற திசைக்குக் குறுக்கே தென்னந்துடைப்பத்தால் கோடு இழுங்க. உங்க வாட்டமும் அதே திசையில் இருக்கறதால கோட்டு வழியே தண்ணியும் வடியும். துடைப்பத்தைத் தண்ணியில் முக்கி உதறிட்டு, ஒரே வீச்சா இழுக்கணும், திரும்ப அதே கோட்டில் போகக்கூடாது.

---

நீர்ப்பனி

குளிரைப் பற்றி. இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் தனி ஏற்பாடு இல்லாமல் கான்கிரீட் போடக்கூடாது என்பது பொது விதி. ஊட்டியில் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் பக்கம் ஜனவரியில் உறைபனி விழும். கோத்தகிரி அந்த அளவுக்கு இல்லை, ஆனால் காற்று தேங்கும் பள்ளமாக இருந்தால் அங்கும் புல் வெளுக்கும். உங்கள் இடம் ரோட்டோர மேடு என்பதால் ஓரளவு தப்பிக்கலாம். ஒரு வாரம் விடிகாலையில் தரையோடு ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். தளம் இரவில் வானத்தை நோக்கி வெப்பத்தை விடுவதால், காற்று 4 டிகிரி காட்டும்போதே தரைமட்டத்தில் உறையலாம்.

இறுகாத கான்கிரீட்டில் உள்ள தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் விரியும். அப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கும் சிமென்டின் பிணைப்பு உடைந்துபோகும். பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டு நனைத்து வைத்தாலும் மீளாது. முதல் இரண்டு மூன்று இரவுகள்தான் ஆபத்து. அதுவரை 5 டிகிரிக்கு மேல் வைத்திருந்தால் தப்பிவிடும்.

சிமென்ட் விஷயத்தில் என் கருத்து: ஜனவரியில் போடுவதாக இருந்தால் ஓபிசி 53 கிரேடு, மார்ச்சுக்குத் தள்ளினால் பிபிசி. பிபிசியில் சாம்பல் கலந்திருப்பதால் குளிரில் ஆரம்ப வலு மெதுவாகத்தான் ஏறும். இறுதி வலுவில் குறை இல்லை.

காலை 8 மணிக்குத் தொடங்கி 11 மணிக்குள் கொட்டி முடியுங்கள். ஒரு மூட்டை மிக்சரில் 12 கலவை ஒன்றரை மணி நேரத்தில் முடியும். அதனால்தான் ஒரு நாளைக்கு ஒரு துண்டு என்று பிரிப்பது இரட்டிப்பு லாபம். மதியம் கொட்டினால் இருட்டிய பிறகுதான் தேய்க்கும் பதம் வரும், கொத்தனார் அதுவரை காத்திருக்க மாட்டார்.

தண்ணீரைச் சூடாக்கிக் கலக்கலாம். கலவைத் தண்ணீர் 4 டிகிரி ஏறினால் கான்கிரீட் சுமார் 1 டிகிரி ஏறும். மணலும் ஜல்லியும் 10 டிகிரியில் இருக்க, தண்ணீர் 50 டிகிரி என்றால் கலவை 18, 20 டிகிரிக்கு வந்துவிடும். 60க்கு மேல் போகாதீர்கள். முதலில் ஜல்லியும் மணலும் வெந்நீரும் சுற்றட்டும், பிறகு சிமென்ட். வெந்நீர் நேராகச் சிமென்டில் பட்டால் அங்கேயே கட்டியாகிவிடும்.

சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு கலந்த மருந்தைக் கடையில் கொடுப்பார்கள். உள்ளே கம்பி இருக்கும்போது அது வேண்டாம், குளோரைடு கம்பியை அரிக்கும். குளோரைடு இல்லாதது என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

---

தேயிலைமேடு

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு சந்தேகம். ரோட்டுப் பக்கம் கெட்டி மண்ணில் ஒரு மூலை டிசம்பர் முழுக்க ஈரமாவே இருக்கு, மேட்டிலிருந்து ஊத்து கசியுது போல. அடியில் பாலிதீன் ஷீட் விரிச்சால் போதுமா? அப்புறம், இந்தப் பனியில் தனியா தண்ணி காட்டணுமா (தளத்தை நனைச்சு வைக்கணுமா)? கொத்தனார் “வானமே நனைக்குது”ங்கறார்.

---

கல்லுக்கட்டு

ஊத்தை ஷீட் நிறுத்தாது, திசைதான் மாத்தும். அது நேரா உங்க நிரப்பின மண்ணுக்குள் போய் இறங்கும். ரோட்டோரம் 12 அடி நீளத்துக்கு, ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் எடுங்க. வடிகட்டித் துணி விரிச்சு, துளை போட்ட 4 இன்ச் பிவிசி பைப்பைத் துளை கீழ்ப்பக்கம் பார்க்க வெச்சு, சுத்தி ஜல்லி நிரப்பி, துணியை மேலே மூடி மடிங்க. 12 அடிக்கு ஒன்றரை இன்ச் வாட்டம் கொடுத்து அந்தப் பக்கவாட்டுக் காணில் விட்டுடுங்க. காணின் அடி பைப்பைவிடத் தாழ்வா இருக்கணும், அதனால் ரெண்டையும் ஒரே நாளில் டியூப் லெவல் (தண்ணி நிரப்பின டியூப்) பிடிச்சு முடிவு பண்ணுங்க.

வெளித்தளத்துக்கு ஷீட்டே வேண்டாம். ஷீட் இருந்தால் கலவைத் தண்ணி கீழே போக வழியில்லாமல் முழுக்க மேலேயே கசியும், உங்க ஊர்ப் பனியில் தேய்ப்பு இன்னும் தாமதம். வீட்டுக்குள்ளே தரை போடும்போது கேளுங்க, அங்கே ஷீட் கட்டாயம்.

---

மட்டப்பலகை

வானம் நனைக்கறது காலையிலயும் சாயங்காலமும்தான். ஜனவரி மத்தியானம் பாருங்க, மூட்டம் கலைஞ்சு வெயில் சுள்ளுனு அடிக்கும், காத்து வறண்டு வீசும். தளம் அப்போதான் காயும். ஆனா வெயில் நாள் மாதிரி பாத்தி கட்டித் தண்ணி நிறுத்தாதீங்க, ராத்திரி அது உறைஞ்சால் தொல்லை. துடைப்பக்கோடு கெடாத பதம் வந்ததும் நனைச்ச சணல் சாக்கு, அதுக்கு மேல் பாலிதீன், அதுக்கு மேல் தார்ப்பாய். ஓரங்களில் கல் வைங்க, காத்து உள்ளே புகுந்தால் போர்வைக்கு அர்த்தமே இல்லை. ஓபிசிக்கு 7 நாள், பிபிசிக்கு 10 நாள் குறைந்தபட்சம். குளிருக்கு ரெண்டுக்குமே 14 வெச்சுக்கோங்க. சாக்கு காய்ஞ்சிருந்தால் காலை 10 மணிக்கு மேல் நனைங்க, சாயங்காலம் வேண்டாம்.

கொட்டற அன்னிக்கே 3 அடி உயரத்தில் மூங்கில் சட்டம் ஒண்ணு தயாரா இருக்கட்டும். திடீர்னு தூறல் வந்தால் தார்ப்பாயை அதுமேல இழுத்துடலாம். தார்ப்பாய் பச்சைக் கான்கிரீட்டைத் தொட்டால் சுருக்கமெல்லாம் பதியும். மழைத்தண்ணி விழுந்துட்டால் அதை ஹோஸால் தள்ளிட்டுத்தான் தேய்க்கணும், சிமென்ட் தூவிச் சரி பண்ணலாம்னு யாரும் கையை நீட்டக்கூடாது.

---

ரசமட்டம்

ஒரு சின்ன மாற்றுக்கருத்து. கெட்டி மண் பக்கத்துத் துண்டுக்கு 8 இன்ச் இடைவெளி கம்பி அதிகம். அங்கே 12 இன்ச் போதும், 15 கிலோ மிச்சம். வெளித்துண்டில் 8 இன்ச்சில் கை வைக்காதீங்க.

---

கல்லுக்கட்டு

சரிதான், ஊத்து வாய்க்கால் ஒழுங்கா வேலை செஞ்சால். அந்த மூலை ஊறினபடியே இருந்தால் அதுவும் கெட்டி மண் கணக்கில் வராது.

---

தேயிலைமேடு

கொத்தனார்கிட்ட பேசிட்டேன். ரெண்டு நாள் வேலைன்னா கூலி கூடும்ங்கறார், மத்ததுக்கெல்லாம் ஒத்துக்கிட்டார். எந்தத் துண்டை முதலில் போடணும்? கார் எப்போ ஏத்தலாம்?

---

மட்டப்பலகை

வெளித்துண்டு முதலில். ரோட்டுப் பக்கத்து உள்துண்டை முதலில் போட்டால் அதுமேல பாண்டு (கலவைச் சட்டி) தூக்கிட்டு நடந்துதான் வெளித்துண்டுக்குப் போகணும். அடுத்த நாளே ரெண்டாவதைப் போடாமல் ரெண்டு நாள் விட்டு அடைப்புப் பலகையைப் பிரிங்க. பலகையை நேரா இழுங்க, ஆட்டினால் செருகின கம்பி பிடி விட்டுடும். பிரிச்ச முகத்தில் பழைய இன்ஜின் ஆயில் ஒரு கோட் பூசிட்டு அடுத்ததைக் கொட்டுங்க, ரெண்டும் ஒட்டக்கூடாது.

ஆள் நடக்க ரெண்டு நாள், பைக் 10 நாள், கார் 21 நாள். எண்ணிக்கை ரெண்டாவது துண்டு போட்ட நாளிலிருந்து. மிச்சமான ஜல்லியை இறக்க டிப்பர் வந்தால் ரோட்டிலேயே நிக்கச் சொல்லுங்க. இந்தத் தளம் காருக்குப் போட்டது, லோடு லாரிக்கு எந்த வயசிலும் தாங்காது.